தூக்க மாத்திரை: யாருக்குத் தேவை, எப்படி நிறுத்துவது, அது இல்லாமல் தூங்க என்ன வழி?

‘அரை மாத்திரைதானே’ என்று ஆரம்பித்து ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களும், மாத்திரைக்குப் பயந்து விடிய விடியப் புரள்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பலருக்கு இரவு 10 மணிக்குத்தான் வேலை நாள் தொடங்குகிறது. 1960-களில் உருவான இந்தத் தொழிற்பேட்டையிலும், ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளிலும் ஷிஃப்ட் என்பது இரண்டு மூன்று தலைமுறையாகப் பழகிய சொல். பிறகு வந்த ஐ.டி. கம்பெனிகள் அமெரிக்க நேரத்தையும் கொண்டுவந்தன. கோயம்பேடு மார்க்கெட்டுக்கு நள்ளிரவில் கிளம்பும் வியாபாரிகள், விடியலுக்கு முன் ஆவடியில் மின்சார ரயில் பிடிப்பவர்கள், இவர்களுக்கு டிபன் கட்ட நாலரை மணிக்கு எழும் பெண்கள் என, பாடியிலிருந்து பூந்தமல்லி வரை ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழும் வீடுகள் குறைவு.

இந்த வீடுகளில் பலருக்கும் பழக்கமான ஒரு வாசகம், ‘பொட்டுத் தூக்கம் இல்லை’. அதற்குப் பலருக்கும் தெரிந்த ஒரே தீர்வு மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, மாமனாருக்கு எழுதிக்கொடுத்தது, எப்போதோ வாங்கிய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கியது. மாத்திரையால் பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் அதை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் தனியாக எடுக்கக்கூடிய முடிவுகள் கிடையாது. மாத்திரையைவிட நீண்ட நாள் பலன் தரும் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

எது தூக்கமின்மை?

ஒரு தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வராதது நோய் ஆகாது. படுத்தும் தூக்கம் வராமல் தவிப்பது, நடுவில் விழித்து மறுபடி தூங்க முடியாதது, சீக்கிரமே விழிப்பு வந்துவிடுவது ஆகிய மூன்றில் ஒன்று வாரத்தில் 3 இரவுகளாவது இருக்க வேண்டும். அது 3 மாதம் நீடித்து, பகல் வேலையையும் மனநிலையையும் பாதித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் மருத்துவர்கள். தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராததுதான் இந்த நோய். மூன்று மணி நேரமே படுக்க முடிந்தவருக்கு இருப்பது நேரப் பற்றாக்குறை. அதற்கு மாத்திரை பதில் ஆகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்கிறார், இரவு எட்டரை மணிக்குப் படுக்கிறார், 3 மணிக்கு விழித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஆறரை மணி நேரம், பகலில் ஒரு மணி நேரம் என மொத்தம் ஏழரை மணி நேரம் தூங்கிவிட்டார்! அவர் ‘3 மணிக்கே விழிப்பு வருது’ என்று மாத்திரை கேட்டால், முதலில் மாற்ற வேண்டியது படுக்கும் நேரம்.

ஆரம்பித்த காரணம் வேறு, நீடிக்கும் காரணம் வேறு

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் தன் சகாக்களுடன் முன்வைத்த விளக்கம், இன்றும் தூக்க சிகிச்சையின் அடிப்படை. அதன்படி தூக்கமின்மைக்கு மூன்று படிகள். முதலாவது, எளிதில் பதற்றப்படும் இயல்பு. இரண்டாவது, தூக்கத்தைக் கெடுத்த சம்பவம். வேலை போனது, கடன், வீட்டில் ஒரு மரணம், பிரசவம், ஷிஃப்ட் மாறியது என எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது, தூக்கம் கெட்ட பிறகு அதைச் சரிக்கட்ட நாம் செய்யும் காரியங்கள்.

சிக்கல் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. ‘நேற்று தூங்கவில்லை’ என்று 9 மணிக்கே படுப்பது, ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை படுத்துக் கிடப்பது, மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவது, விழிப்பு வந்ததும் மணி பார்ப்பது, போனை எடுப்பது. கடன் அடைந்துவிடும், துக்கம் ஆறிவிடும். ஆனால் இந்தப் பழக்கங்கள் நின்றுவிடும். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். டி.வி. முன்னால் சோபாவில் கண் சொருகுகிறது, எழுந்து படுக்கைக்குப் போனதும் தூக்கம் ஓடிவிடுகிறது என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

1903-ல் பார்பிட்டால் என்ற மருந்து தூக்கத்துக்காகச் சந்தைக்கு வந்தது. அந்தக் குடும்ப மருந்துகளில், தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1960-ல் குளோர்டயசெப்பாக்சைடும் 1963-ல் டயசிபாமும் வந்தபோது, பாதுகாப்பான மாற்று என்று உலகமே கொண்டாடியது. பென்சோடயசெபைன் எனப்படும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இன்று பலர் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், நைட்ரசெபாம் ஆகியவை. சோல்பிடெம் வேறு குடும்பம் என்றாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய அதேதான்.

மூளையில் ‘காபா’ என்ற ரசாயனம் பிரேக் மாதிரி இயங்கி நரம்புகளின் பரபரப்பைக் குறைக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்துகின்றன. அதனால் சீக்கிரம் தூக்கம் வருகிறது. ஒரு மரணம், ஒரு அறுவை சிகிச்சை, ஒரு பெரிய நெருக்கடி என்று தூக்கம் முற்றிலும் கெட்டுப்போன சில நாட்களுக்கு இது நல்ல துணை. பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் நீளக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை.

நாள் நீண்டால் மூளை பழகிக்கொள்கிறது. அரை மாத்திரை ஒன்றாகிறது. காலையில் தலை கனக்கிறது, ஞாபகம் தடுமாறுகிறது. பெரியவர்களுக்கு ஆபத்து அதிகம். இரவில் பாத்ரூம் போக எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த மருந்துகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல்.

பெண்களுக்கு ஒரு முக்கியத் தகவல். சோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். அதனால் 2013-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பெண்களுக்கான ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற சம்பவங்கள் பதிவானதால், 2019-ல் இந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கையையும் சேர்த்தது. கணவருக்கு எழுதிய மாத்திரையை மனைவி போட்டுக்கொள்வது ஏன் தவறு என்பதற்கு இதுவே போதும்.

மதுவோடு இந்த மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். ‘மாத்திரை வேண்டாம், ஒரு கட்டிங் போதும்’ என்பவர்களும் ஏமாறுகிறார்கள். மது முதல் பாதி இரவில் ஆளைச் சாய்க்கும், பின்பாதியில் எழுப்பிவிடும்.

கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபம் வேண்டாம்

2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ‘அட்டவணை எச்1’ விதிப்படி அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதியவர் பெயர், வாங்குபவர் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ‘தெரிஞ்ச கடைதானே, ஒரு அட்டை கொடுங்க’ என்று கேட்கும்போது, அந்தக் கடைக்காரரைச் சட்டத்தை மீறச் சொல்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

சீட்டு கிடைக்காததால் சளி, அலர்ஜிக்கான மாத்திரையையோ இருமல் டானிக்கையோ தூக்கத்துக்காகக் குடிப்பவர்கள் உண்டு. இவற்றால் மறுநாள் மந்தம், வாய் வறட்சி, முதியவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரலாம். மெலடோனின் மாத்திரை, ‘இரவாகிவிட்டது’ என்று உடல் கடிகாரத்துக்குச் சொல்லும் தகவல் மட்டுமே. நேரம் தவறிய தூக்கத்துக்கு உதவலாம். நாள்பட்ட தூக்கமின்மையில் அதன் பலன் குறைவு. அமுக்கரா சாப்பிடுபவர்கள், குறிப்பாகத் தைராய்டு அல்லது கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து

இதைப் படித்துவிட்டு இன்றே அட்டையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பென்சோடயசெபைன் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பதற்றம் வரலாம். சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2020-ல் இந்தக் குடும்ப மருந்துகள் எல்லாவற்றின் எச்சரிக்கையிலும் இதை அமெரிக்க நிர்வாகம் அழுத்தமாகச் சேர்க்கவைத்தது.

நிறுத்திய முதல் சில இரவுகளில் தூக்கம் முன்பைவிட மோசமாகும். ‘பார்த்தியா, மாத்திரை இல்லாம நம்மால தூங்கவே முடியாது’ என்று பலரும் திரும்பப் போவது இந்தக் கட்டத்தில்தான். அது மருந்து விலகுவதால் வரும் எதிர்வினை. சில நாட்களில் தணியக்கூடியது. அதனால் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய், ‘நிறுத்த விரும்புகிறேன்’ என்று சொல்வதே சரியான வழி. அவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். வாரக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். அந்தக் காலத்தில் அடுத்துச் சொல்லும் பயிற்சியும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு அதிகம்.

மாத்திரை இல்லாத சிகிச்சை

நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் முதல் சிகிச்சை மாத்திரையாக இருக்கக் கூடாது என்று 2016-ல் அறிவித்தது அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி. அது பரிந்துரைத்தது அறிவு-நடத்தை சிகிச்சை. சுருக்கமாக ‘சிபிடி-ஐ’. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. பொதுவாக 6 முதல் 8 வாரம். இதில் முக்கியமானவை மூன்று.

1. படுக்கை தூக்கத்துக்கு மட்டும்

1972-ல் ரிச்சர்ட் பூட்சின் சொன்ன முறை இது. தூக்கம் கண்ணைக் கட்டும்போது மட்டும் படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும். மணி பார்க்கக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது வேலை செய்துவிட்டு, தூக்கம் வந்தால் மறுபடி படுக்க வேண்டும். எத்தனை முறை ஆனாலும் இப்படித்தான். காலையில் எழும் நேரம் மட்டும் ஞாயிறு உட்பட மாறவே கூடாது.

‘ஒரே ஹாலில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கிறோம், எழுந்து எங்கே போவது?’ என்ற கேள்வி நியாயமானது. வேறு அறை தேவையில்லை. பாயை விட்டு எழுந்து சமையலறை வாசலிலோ, ஒரு நாற்காலியிலோ உட்கார்ந்தால் போதும். துணி மடிக்கலாம், ஜபம் செய்யலாம். பகலில் அதே பாயிலும் தலையணையிலும் சாய்ந்து போன் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

2. படுக்கும் நேரத்தைக் குறைப்பது

கேட்டால் விநோதமாக இருக்கும். ஆனால் இந்த சிகிச்சையின் உயிர்நாடியே இதுதான். ஒருவர் 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறார். உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம். படுக்கையில் இருக்கும் 8 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். அவர் இனி இரவு 12.30-க்குத்தான் படுக்க வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். பகல் தூக்கம் கிடையாது.

முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். ஆனால் சேர்ந்துகொண்டே போகும் தூக்கப் பசி, கோழித்தூக்கத்தை ஆழ்ந்த தூக்கமாக மாற்றும். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவிகிதத்துக்கு மேல், அதாவது இந்தக் கணக்கில் சுமார் 4 மணி 40 நிமிடம், தூங்க ஆரம்பித்தால் வாரத்துக்கு 15 நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவரலாம். எக்காரணத்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது.

வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், பிரஸ், லேத் போன்ற இயந்திரங்களில் நிற்பவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஒரு நொடி கண்ணயர்ந்தால் விரல் போய்விடும் வேலைகள் இந்தப் பகுதியில் ஏராளம்.

3. மனதின் கணக்குகளை மாற்றுவது

‘இன்னைக்கும் தூங்கலைன்னா நாளைக்கு வேலையே ஓடாது’ என்ற பயமே தூக்கத்தை விரட்டுகிறது. மாலை 7 மணிக்கு 15 நிமிடம் ஒதுக்கி, கவலைகளையும் நாளை செய்ய வேண்டியதையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டால், படுத்த பிறகு அவை வந்து நிற்பது குறையும். எல்லோருக்கும் 8 மணி நேரம் கட்டாயம் என்பதும் இல்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கு 7 மணி நேரம் போதும்.

இவற்றுடன் காபியையும் கவனிக்க வேண்டும். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு

உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெயிலில் வீடு வரும்போதே, ‘விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்று மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. வாரம் ஒரு ஷிஃப்ட் மாறினால் கடிகாரம் பழகவே நேரம் கிடைக்காது. இவர்கள் செய்யக்கூடியவை:

* நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்குவது.
* டீ, காபியை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்துவது.
* வீடு திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் வந்தால் கறுப்புக் கண்ணாடி போடுவது. கண் சொருகும் நிலையில் சென்னை பைபாஸில் பைக் ஓட்டாமல் இருப்பது. கிளம்பும் முன் 20 நிமிடத் தூக்கம் உயிர் காக்கும்.
* ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, போனுக்கு சைலன்ட். ‘அப்பா தூங்குறார்’ என்பதை இரவுத் தூக்கம் போலவே வீடும் தெருவும் மதிப்பது.
* ஷிஃப்ட் மாற்றும் நிர்வாகங்கள் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றுவது. பின்னோக்கி மாற்றுவதைவிட இது உடலுக்கு எளிது.

வேறு நோய் ஒளிந்திருக்கிறதா?

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி, பகலில் கண் சொக்குவது எல்லாம் இருந்தால் அது ‘ஸ்லீப் ஆப்னியா’வாக இருக்கலாம். இவர்களுக்குத் தூக்க மாத்திரை நிலைமையை மோசமாக்கக்கூடும். இரவில் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ரத்தசோகை உள்ள பெண்கள் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் போக எழுந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெப்பம், ஆஸ்துமா, ஸ்டீராய்டு மாத்திரைகள் என்று பட்டியல் நீளும்.

விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வின் அடையாளம். அந்த வீட்டில் மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வைக்கக் கூடாது. உடனே உதவி தேட வேண்டும்.

எங்கே போகலாம்?

முதலில் குடும்ப டாக்டர் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவ ஆலோசனை கிடைக்கிறது; எந்த நாளில் என்று விசாரித்துக்கொண்டு போகலாம். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கும் செல்லலாம். சினிமா காமெடிகளால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரே கேலியாகிவிட்டது. அந்தக் கேலிக்குப் பயந்து டாக்டரைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் பக்கத்து வீட்டு மாத்திரைக்குக் கை நீட்டுகிறார்கள்.

நேரில் போகத் தயங்குபவர்களுக்கு ‘டெலி மானஸ்’ இருக்கிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம்.

டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்த தடவைகள், எழுந்த நேரம், அன்று குடித்த காபி, மது, போட்ட மாத்திரைகள். ராத்திரியில் மணி பார்த்து எழுத வேண்டாம். காலையில் தோராயமாக எழுதினால் போதும். மாத்திரை வேண்டுமா, எத்தனை நாள், எப்போது குறைப்பது, ஷிஃப்டை மாற்றச் சொல்லிச் சான்றிதழ் தேவையா என்ற எல்லாவற்றுக்கும் டாக்டர் முதலில் பார்க்க விரும்புவது அந்த நோட்டைத்தான்.